கொடியின் மூலை

குறி மை என்று ஒன்று இருக்கிறது. லாண்டரிக்காரர்களுக்குத் தெரியும். சின்னக் கண்ணாடிப் புட்டியில் கறுப்பாக, கெட்டியாக இருக்கும். சோப்பு, சோடா, கொதிக்கிற தண்ணீர், சுடுகிற வெயில் எதற்கும் அசைந்து கொடுக்காது. துணி நைந்து கிழிந்து அடுப்படிக் கரித்துணியான பிறகும் மூலையில் குறி மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். எந்தத் துணி யாருடையது என்பதற்கு அதுதான் சாட்சி. டாக்டர் வீட்டுக்கு ஒரு புள்ளி. ஓட்டலுக்கு மூன்று கோடு. மேட்டுத் தெரு அரசாங்க ஆபீசுக்கு ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு.

அந்த வட்டத்தைத்தான் அக்கா அன்றைக்கு மத்தியானம் தேசியக் கொடியின் மூலையில் போட்டுவிட்டாள்.

அவளை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் முடியாது. மழைக்காலத்தில் லாண்டரி வேலை எப்படி என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். துவைத்தது காயாது, காயாததைத் தேய்க்க முடியாது, தேய்க்காததைக் கேட்டு ஆட்கள் வாசலில் நிற்பார்கள். பின்கட்டில் வெந்நீர் அண்டா புகைந்துகொண்டிருந்தது. சுவருக்குச் சுவர் கயிறு கட்டித் தொங்கவிட்ட துணிகளுக்கு நடுவே குனிந்துதான் நடக்க வேண்டும். அக்கா கீழே விரித்த பாய்மீது உட்கார்ந்து ஆபீஸ் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு துணியாக மூலையை இழுத்து, குச்சியை மையில் தொட்டு, வட்டம் போட்டு, இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். திரைச்சீலை, மேசைத்துணி, திரைச்சீலை. கை தன்பாட்டுக்கு ஓடும். காது மட்டும் ரேடியோவிடம் இருந்தது.

ரேடியோ என்பது இஸ்திரி போடுகிற பெண்மணியின் பெயர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அவளுக்கே மறந்திருக்கும். வாய் ஓயாது. அக்காவைவிடப் பத்து வயது மூத்தவள், ஆனாலும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தெருவே அக்காவை அப்படித்தான் கூப்பிட்டது. அப்பா அம்மா போன பிறகு ஒற்றைத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், அவன் 'அக்கா, அக்கா' என்று கத்திக் கத்தி ஊருக்கே அந்தப் பெயரைப் பழக்கிவிட்டான்.

"என் மருமகன் இருக்கானே அக்கா," என்று ரேடியோ இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள், "மூணு வேளையும் முட்டை கேக்குறான். நான் என்ன கோழியா?"

அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த மூலையை இழுத்தாள். குச்சி தொட்டது. வட்டம் விழுந்தது. இரண்டு கோடும் விழுந்தன. தள்ளப்போனபோது கையில் ஏதோ இடித்தது. திரைச்சீலையில் பித்தளை வளையம் இருக்காதே என்று குனிந்து பார்த்தாள். ஓரத்தில் கயிறு கட்டுகிற கெட்டிப் பட்டி. அதை ஒட்டி நிறம். அவள் இழுக்க இழுக்கத் துணி வந்துகொண்டே இருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று ஒரு திரைச்சீலையை எடுத்து மேலே போட்டு மூடினாள்.

"என்னக்கா, பூரான் கீரானா?"

"ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்குப் போ. வானம் இருட்டிக்கிட்டு வருது."

"டாக்டர் வீட்டு விரிப்பு பாதிதானே ஆயிருக்கு."

"நான் பாத்துக்கிறேன். போ."

ரேடியோவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. செருப்பு மாட்ட இவ்வளவு நேரம் ஆகுமா என்கிற மாதிரி மாட்டினாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அக்கா கதவைத் தாழ் போட்டாள். புதுத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் கொடியை எடுத்து வைத்தாள். விசேஷ நாட்களில் மட்டும் ஏற்றுகிற பெரிய கொடி. பட்டியை ஒட்டிய மேல் மூலையில் வட்டம், வளையல் மாதிரி அத்தனை சுத்தமாக விழுந்திருந்தது. வேறு எந்தத் துணியிலாவது இவ்வளவு அழகாக விழுந்திருக்குமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் கவலை கொடி மட்டுமல்ல. தம்பி. அந்த ஆபீசில் அவன் பியூன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நாளைக் காலையில் பெரிய அதிகாரி வருகிறார். கொடி ஏற்றி முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களில் ஒன்று தம்பியின் வேலை உத்தரவு. கொடியை ஏற்றுவது, இறக்குவது, மடித்து வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. சலவைக்குக் கொடுப்பதென்றால் தனி உறையில், கையில் வைத்துக் கொண்டுபோய், 'இது கொடி' என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பது ஆபீசின் கட்டளை. படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அது எப்படி மூட்டைக்குள் வந்தது?

இருப்புக் கொள்ளாமல் எழுந்தாள். உட்கார்ந்தாள். ஒரு பழந்துணியில் மையைத் தொட்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தாள். போகாது என்று அவளுக்குத் தெரியும். போகாது என்பதைச் சொல்லித்தானே இத்தனை வருஷம் பிழைத்தாள். பழந்துணி ஓட்டையானது. மை ஓட்டையைச் சுற்றிச் சிரித்தது.

சைக்கிள் மணி கேட்டது. புருஷன் வந்துவிட்டார்.

அவருக்கு ஊரில் சல்யூட் என்று பெயர். பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. மேட்டுத் தெரு ஆபீசைக் கடக்கும்போதெல்லாம், சைக்கிளில் மலை மாதிரித் துணி இருந்தாலும், கொட்டுகிற மழையானாலும், இறங்கி, தலையைக் குனிந்து, கொடிக்கம்பம் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போவார். அதற்கப்புறம்தான் ஏறுவார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளிடம் அவரைக் காட்டி, "மரியாதைன்னா அது" என்று சொல்வாராம். அக்காவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அதனாலேயே இப்போது அவரிடம் சொல்ல நா எழவில்லை.

"எதுக்குக் கதவச் சாத்தி வச்சிருக்க?" என்று கேட்டபடி ஈரத் தலையைத் துவட்டினார் சல்யூட்.

"என்னங்க, ஒரு தப்பு நடந்துபோச்சு. கத்தாதீங்க."

துண்டின்மேல் கிடந்த கொடியைக் காட்டினாள். அவர் கத்தவில்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"யாரு போட்டது?"

"நான்தான். பேச்சுல கவனிக்கல. மூட்டைக்குள்ள இருந்துச்சுங்க."

"கொடியப் பாத்தா தெரியாதா உனக்கு? அது என்ன மேசைத்துணியா? எத்தன தடவ சொல்லியிருக்கேன், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுகிட்டுப் பாக்கணும்னு."

"சொன்னீங்க. இப்ப என்ன பண்றது, அதச் சொல்லுங்க."

அவர் குட்டி போட்ட பூனை மாதிரி, தொங்குகிற துணிகளுக்கு நடுவே போனார், வந்தார். டாக்டர் வீட்டு விரிப்பு ஒன்று முகத்தில் மோதியதற்கு அதை ஒரு அடி அடித்தார்.

அக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வெளுத்தே ஆக வேண்டிய துணியை முதலில் வெளுப்போம் என்று, குடிதண்ணீர் பிடிக்கிற பெரிய பாத்திரத்தைக் கழுவி எடுத்தாள். ஊரார் அழுக்கு ஊறிய தொட்டியில் இதை முக்க மனசு வரவில்லை. முறுக்காமல், அடிக்காமல், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசினாள். தரையில் ஒரு நுனி படாமல் இருவருமாகத் தூக்கிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கயிற்றில் சல்யூட்டின் உள்பனியன்கள் வரிசையாகத் தொங்கின. அவர் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் உருவிக் கட்டிலுக்கடியில் எறிந்தார். கொடியை விரித்துப் போட்டு மின்விசிறியைச் சுற்றவிட்டார்கள். அந்தச் சின்ன அறை முழுக்க அதுதான் இருந்தது. நிறங்களெல்லாம் எடுப்பாகத் தெரிந்தன. வட்டமும்தான்.

"ஒரு யோசன இருக்குங்க," என்றாள் அக்கா. "இந்தப் பட்டித் தையலப் பிரிச்சிடுறேன். துணிய ரெண்டு விரக்கடை உள்ள தள்ளி மறுபடி தைச்சா, வட்டம் பட்டிக்குள்ள போயிடும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"வேணாம்." சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது.

"ஏன்?"

"கொடியப் பிரிக்கக் கூடாது. தப்பு."

"கிழிக்கவா சொன்னேன்? தையலத்தான்."

"தையலும்தான். பட்டியில கைய வைக்காத. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்."

"நாளைக்குக் காலையில ஏத்தணும். இந்த அளவு கொடி இங்க எந்தக் கடையில விக்கிது? சொல்லுங்க, ஓடிப்போயி வாங்கிட்டு வரேன்."

அவர் மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். மனுஷனுக்குக் கொடிமேல் இவ்வளவு பக்தியா, வீட்டுப் பிள்ளையின் பிழைப்பைவிடவா என்று அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபம்தான்.

கதவைத் தட்டிக்கொண்டு தம்பி வந்தான். ஓடி வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, மூட்டையப் பிரிச்சிட்டியா? நடுவுல கொடி வச்சிருந்தேன். சொல்ல மறந்துட்டேன்."

"ஏன்டா மூட்டைக்குள்ள வச்ச? தனியாத்தானே கொண்டாரணும்?"

"வழியில மழை புடிச்சுகிச்சுக்கா. காகித உறை கரைஞ்சுபோச்சு. கொடி நனைஞ்சிடக் கூடாதேன்னு திரைச்சீலைக்கு நடுவுல பத்திரமா வச்சேன். இங்க நீ கைவேலையா இருந்த, ஆபீஸ்ல மேடம் வேற உடனே வரச் சொல்லியிருந்தாங்க, மூட்டைய வச்சிட்டு ஓடிட்டேன்."

அவள் மூலையைக் காட்டினாள். தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். வளர்ந்த ஆள், மீசை வைத்த ஆள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்தானே, அதே பார்வை பார்த்தான். அதற்குமேல் அக்கா யாரையும் கேட்கவில்லை. தையல் பெட்டியை எடுத்தாள். பிளேடைத் துடைத்தாள்.

"வேணாம்னு சொல்றேன்ல," என்றார் சல்யூட்.

"நீங்க வெளிய போங்க. மரியாதை பாக்குற ஆள் பாக்க வேணாம்."

அவர் போகவில்லை. வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா கொடியை மடியில் பரப்பி, ஒவ்வொரு தையலாக அறுத்தாள். பட்டி வாயைத் திறந்தது. உள்ளே மடிந்து கிடந்த துணியை விரலால் வெளியே இழுத்தாள்.

அங்கே ஒரு வட்டம் இருந்தது. அதற்குள் இரண்டு கோடு.

தன்னுடைய வட்டம்தான் மறுபக்கம் ஊறிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தாள். இல்லை. அவளுடையது வெளியே, இருந்த இடத்திலேயே இருந்தது. இது வேறு. இது பெரிய வட்டம். சரியாக மூடாத வட்டம். முடிகிற இடத்தில் வால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இந்த வாலை அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக எத்தனையோ மேசைத்துணியில் பார்த்த வால்.

"என்னங்க," என்றாள்.

முதுகு திரும்பவில்லை.

"என்னங்க, இங்க வந்து இதப் பாருங்க."

"பாக்க வேண்டியதில்ல. தெரியும்."

தம்பி எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா இது என்று வாயைப் பொத்திக்கொண்டான். அக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து அது கோபமாக மாறியது.

"'அது என்ன மேசைத்துணியா'ன்னு என்னைக் கேட்டீங்களே. கண்ணுல விளக்கெண்ணெய் விடச் சொன்னீங்களே."

சல்யூட் மெதுவாக வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நீ கவனிக்காமப் போட்ட. நான் தெரிஞ்சேதான் போட்டேன்," என்றார். "கடை தொறந்த புதுசு. நீ அப்ப இவனுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில போய் உக்காந்திருந்த. முதன்முதலா ஆபீஸ் துணி வருது நம்ம கடைக்கு. எனக்குத் தலகால் புரியல. அவங்களுக்குன்னு யோசிச்சு யோசிச்சு வட்டத்தக் கண்டுபுடிச்சேன். கொடிதான் இருக்குறதுலயே ஒசத்தி, அதனால அதுல முதல்ல போடணும்னு நெனச்சேன். பெருசா போட்டேன். போட்டப்புறம்தான் உறைச்சுது. தையலப் பிரிச்சு உள்ள தள்ளிட்டேன்."

"அதனாலதான் சைக்கிள விட்டு எறங்குறீங்களா மாமா?" என்றான் தம்பி.

"பின்ன? கம்பத்தக்கூடத் தலநிமிந்து பாக்க முடியல. ஏறி உக்காந்துகிட்டுப் போகவும் கால் வரல. விசேஷ நாள்ல எல்லாரும் போவாங்க, எனக்கு மட்டும் வயித்து வலி வந்துடும். அந்த வாத்தியார் என்னைக் காட்டி மரியாதைம்பாரு, அப்படியே மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருக்கும்."

ஓட்டின்மேல் மழை பிடித்துக்கொண்டது. அக்கா ஊசியில் நூல் கோத்தாள். கை பழக்கத்தில் கோத்தது. இரண்டு வட்டத்தையும் சேர்த்து உள்ளே தள்ளினால் போகும். தாராளமாக இடம் இருந்தது.

"தைக்காத," என்றார் சல்யூட்.

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? இவன் பொழப்பு?"

"நான் சைக்கிள்ல தாண்டிப் போறவன். தல குனிஞ்சா முடிஞ்சுது. இவன் அப்படியில்ல. ஒவ்வொரு விசேஷத்துக்கும் கயித்தப் புடிச்சு இழுக்கப்போறது இவன். ஊரே கொடியப் பாக்கும், இவன் மட்டும் மூலையப் பாப்பான். அதோட கஷ்டம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் தலையில அதக் கட்டாத."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தைத்துவிட்டால் நாளைக்கு உத்தரவு. தைக்காவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவள் ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டாள்.

"ஈரத்தோட கொண்டுபோக வேணாம்," என்றாள். "இருங்க, தேய்ச்சிக் குடுக்கிறேன்."

சூட்டைக் குறைத்து, மேலே மெல்லிய துணி போட்டு, சுருக்கம் ஒன்றும் இல்லாமல் தேய்த்தாள். இரண்டு வட்டமும் அப்படியே இருந்தன. புதுத் தலையணை உறையில் மடித்து வைத்து, மழை படாமல் பிளாஸ்டிக் சுற்றி, மூன்று பேருமாகப் போனார்கள். கம்பத்தருகே வந்ததும் சல்யூட் வழக்கம்போல் குனிந்தார்.

ஆபீஸ் மேலாளர் மேடம் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பவர். அளந்துதான் பேசுவார். அவர்கள் உறையைத் திறந்ததும், மேசையிலிருந்த டீ டம்ளரை நகர்த்தி, ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் கொடியை வாங்கி வைத்தார். மூலையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ரெண்டு இருக்கே."

"ரெண்டுமே நான் போட்டது மேடம்," என்றார் சல்யூட். "ஒண்ணு பழசு. ஒண்ணு இன்னிக்கி. தம்பி தனியாத்தான் கொண்டாந்து கையில குடுத்தான். என் புத்திதான் கெட்டுப்போச்சு."

அக்கா திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். வழியில் இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை மனுஷன்.

"ரெண்டு வட்டமும் ஒரே கையா?" என்று மேடம் தம்பியைக் கேட்டார்.

தம்பி மாமாவைப் பார்த்தான். தலையாட்டினால் போதும். அக்கா மனசுக்குள் 'ஆட்டுடா, ஆட்டுடா' என்றாள். அப்படி வேண்டிக்கொண்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இல்ல மேடம்," என்றான். "பழசுதான் மாமாவோடது. நான்தான் மூட்டைக்குள்ள வச்சேன். அக்கா தெரியாம போட்டுட்டாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இத்தன வருஷமா நான் லாண்டரிக் குறிக்குச் சேத்துத்தான் வணக்கம் வச்சேனா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "தைச்சு மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொல்ல வந்தீங்க?"

"மறைச்சுப் பாத்துட்டேன் மேடம்," என்றார் சல்யூட். "எல்லாருக்கும் மறைஞ்சுது. எனக்கு மட்டும் தெரிஞ்சுகிட்டே இருந்துச்சு."

மேடம் கொடியை மடித்தார். மடிப்பதற்கு அக்காவை ஒரு முனை பிடிக்கச் சொன்னார். இரும்பு அலமாரியிலிருந்து பிரிக்காத புதுக் கொடி ஒன்றை எடுத்து வெளியே வைத்து, இதை உள்ளே வைத்தார்.

"இனி இத ஏத்த முடியாது. முறைப்படி என்ன செய்யணுமோ செஞ்சிக்கிறோம். இனிமே கொடி உங்க கடைக்கு வராது." பிறகு தம்பியிடம் திரும்பினார். "உன் உத்தரவு நாளைக்குக் கையெழுத்தாகாது. அடுத்த தடவை பாக்கலாம். அதுவரைக்கும் இப்ப இருக்குற மாதிரியே இரு."

"கொடி ஏத்துறது, மேடம்?"

"நீதான். வேற யாரு? இன்னிக்கப்புறம் உன்னவிட ஜாக்கிரதையான ஆள் எனக்கு எங்க கெடைப்பான்?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா அழுதுகொண்டே வந்தாள். அடுத்த தடவை என்றால் எப்போது? தைத்திருக்கலாம், ஊசி இன்னும் தோளில்தான் குத்திக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "விடுக்கா. வேலை போகலையே," என்றான். அவன் முகத்தில் பயம் இல்லாததைப் பார்த்து அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது. முழுக்க அடங்கவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. டாக்டர் வீட்டு விரிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சைக்கிள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நேற்று என்ன நடந்தது என்று கடையில் ரேடியோ இரண்டு தடவை கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த மட்டில் அவளுக்கு ஒரு திருப்தி. சல்யூட் விசிலடித்தபடி மிதித்தார். அவர் விசிலடித்து அவள் கேட்டதே இல்லை. மேட்டுத் தெரு வந்தது. ஆபீஸ் வாசலில் பெரிய அதிகாரியின் ஜீப் நின்றது. புதுக் கொடி ஏறியிருந்தது. மடிப்புத் தடம்கூட இன்னும் போகவில்லை. கம்பத்தடியில் தம்பி கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

சைக்கிள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் அக்கா.

"ஏன், துணி விழுந்திடுச்சா?"

"இறங்குங்க."

"இனிமே எதுக்கும்மா எறங்கணும்? அதான் எல்லாம் சொல்லியாச்சே."

"இத்தன வருஷமா வட்டத்துக்குத்தானே எறங்குனீங்க. இன்னிக்கி ஒரு தடவ கொடிக்கு எறங்குங்க."

அவர் இறங்கினார். அவளும் விரிப்புகளை அணைத்துக்கொண்டு இறங்கினாள். சல்யூட் தலையை நிமிர்த்தினார். கண் முதலில் மூலைக்குத்தான் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அவர் கொடி முழுவதையும் பார்த்தார்.